சந்தைக்குப் போகும் வழி: அம்ரிதா ஷெர்கில்லின் பெண்களும் நம் பார்வையும்

1

அம்ரிதா ஷெர்கில் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு புழங்குகிறது. ஒன்று, அழகியல் உபாசகர்களின் பேச்சு. ஹங்கேரியத் தாய், சீக்கியத் தந்தை, பாரீஸில் பயிற்சி, 28 வயதில் மரணம் என்று ஒரு தேவதைக் கதையைச் சொல்லிவிட்டு, அவர் வரைந்த பெண்களின் கண்களில் 'இந்திய ஆன்மாவின் சோகம்' ததும்புவதாக முடித்துவிடுவார்கள். இன்னொன்று, நம் தோழர்கள் சிலருடையது. "பண்ணையார் வீட்டுப் பொண்ணு ஏழைங்கள வரைஞ்சா நமக்கென்னய்யா?" என்று ஒரே வரியில் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். இந்த இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள். இரண்டு பேருமே படத்தைப் பார்ப்பதில்லை. முன்னவர்கள் படத்தில் ஆன்மாவைப் பார்க்கிறார்கள். பின்னவர்கள் படத்துக்கு வெளியே பட்டாவைப் பார்க்கிறார்கள்.

பட்டாவைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்த கையோடு மீண்டும் படத்துக்குத் திரும்பி வர வேண்டும். அந்தப் பெண்கள் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வேலை செய்கிறார்கள், யாருக்கு வேலை நடக்கிறது, யார் மேலே எந்தத் துணி கிடக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தச் சின்னக் கேள்விகளிலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். குறிப்பாக, அவருடைய தெற்குப் பயணத்திலிருந்து. அது நம் மண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதும் ஒரு காரணம்.

2

1913இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா 1921இல் குடும்பத்தோடு சிம்லாவுக்கு வந்தார். 1929இல் ஓவியம் படிக்க பாரீஸ் போனார். 1932இல் வரைந்த 'இளம்பெண்கள்' அடுத்த ஆண்டு அங்கே தங்கப்பதக்கம் பெற்றது. 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தகவல்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. 'நம் மரபு' என்று நாம் சொல்கிற சமாச்சாரம் அவருக்கு பாரீஸ் வழியாகத்தான் கிடைத்தது. அஜந்தாச் சுவர்ச்சித்திரம் ஒன்று ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியம் முழுவதையும் விட மேலானது என்ற பொருளில் 1934இல் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறார். அப்போது அவர் அஜந்தாவை நேரில் பார்த்திருக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போயிருக்காவிட்டால் இது தனக்குப் புரிந்திருக்காது என்பதையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். மரபு என்பது ரத்தத்தில் ஓடுவது, தாய்ப்பாலோடு வருவது என்று நம்மூர்ப் பண்பாட்டுக் காவலர்கள் சொல்லும் கதைக்கு இது சரியான பதில். மரபு என்பது ஓர் இடத்தில் நின்று இன்னோர் இடத்தைப் பார்க்கும்போது கட்டமைக்கப்படுவது. அம்ரிதா அதை மறைக்கவில்லை.

1934இல் வரைந்த இன்னொரு படத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். தாஹிட்டிப் பெண்ணாகத் தன்னையே வரைந்துகொண்ட சுயசித்திரம் அது. பசிபிக் தீவுகளுக்குப் போய் அங்குள்ள பெண்களை ஆடையின்றி வரைந்து பெயர் வாங்கிய கோகினின் பெண்களுடைய இடத்தில், இடுப்புக்கு மேல் வெற்றுடம்போடு அம்ரிதா தானே போய் நிற்கிறார். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. பார்க்கப்படும் உடலாக இருப்பது என்றால் என்ன, வெள்ளை ஆணின் பார்வையில் 'கீழைத்தேயப் பெண்'ணாக ஆவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் வரைந்திருக்கிறார். அதனால்தான் அடுத்து எழும் கேள்வி கூர்மையாகிறது. பார்க்கப்படுவதன் வலி தெரிந்த ஒருத்தி, தானே பார்ப்பவளாகப் பயணம் போகும்போது என்ன செய்தாள்?

3

1936இன் இறுதியில் பயணம் தொடங்கியது. பம்பாய், அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், அப்புறம் தெற்கே திருவனந்தபுரம், குமரிமுனை, கொச்சி. அஜந்தாவின் 17ஆம் குகையில் அரசகுமாரி ஒருத்தி கண்ணாடி பார்த்துக்கொண்டு நிற்க, பணிப்பெண்கள் சூழ்ந்து அலங்கரிக்கும் காட்சி இருக்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் ராமாயணக் காட்சிகள். தசரதனின் மனைவியர் பிள்ளை பெறும் காட்சிகூட உண்டு. அரண்மனைக்குள்ளே முடங்கிக் கிடந்த அந்தச் சித்திரங்களை அம்ரிதா உட்கார்ந்து படியெடுத்தார். உடல்களைக் கூட்டமாக நெருக்கி அடுக்குவது, நிழல் காட்டித் திரட்சி கொடுக்காமல் வண்ணப் பரப்பாகவே உருவத்தை நிறுத்துவது போன்ற பாடங்களை இந்தச் சுவர்களிடமிருந்து கற்றார். சிம்லா திரும்பியபின் 1937இல் மூன்று பெரிய படங்கள் வரைந்தார்: 'மணப்பெண்ணின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பிரம்மச்சாரிகள்' படத்தில் ஐந்து இளைஞர்கள், வெற்றுடம்பு, வெள்ளை வேட்டி, பூணூல். உட்கார்ந்திருக்கிறார்கள். 'மணப்பெண்ணின் அலங்கார'த்தில் நடுவே வெளிர்மேனியாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கை சிவந்திருக்கிறது. கறுத்த பெண்கள் அவளுக்குப் பணிவிடை செய்ய இருக்கிறார்கள், ஒருத்தி தலை முடிந்துவிடுகிறாள், குழந்தைகளும் இருக்கின்றன. மூன்றாவது படத்தில் கறுத்த உடல்கள், வெள்ளைத் துணி. போகிறார்கள் என்று தலைப்பு சொல்கிறது. ஆனால் நடுவழியில் யாரோ நிறுத்திவிட்ட மாதிரி உறைந்து இருக்கிறார்கள்.

கலை விமர்சகர்கள் இதை வண்ணப் பிரச்சினையாகப் படித்தார்கள். மண்ணிறத்துக்கு எதிரே வெள்ளை. அந்த முரணில் படம் நிற்கிறது என்றார்கள். சரிதான், தப்பில்லை. ஆனால் இது யாருடைய மண்ணிறம், யாருடைய வெள்ளை? சாதியை இந்த மூன்று படங்களும் ஒளிக்கவில்லை. உட்கார்ந்திருப்பவனின் மார்பில் நூல் ஓடுகிறது. அலங்கரிக்கப்படுபவள் வெளுத்திருக்கிறாள், அலங்கரிப்பவள் கறுத்திருக்கிறாள். சமூகப் படிநிலையை வண்ணப் படிநிலையாக அப்படியே இறக்கி வைத்திருக்கிறார் ஓவியர். வேண்டுமென்றே விமர்சனமாகச் செய்தாரா, கண்ணில் பட்டதைச் செய்தாரா என்று விவாதிப்பது வீண். ஓவியரின் நோக்கம் எதுவாயினும் பிரதி பேசுகிறது.

இதை ரவிவர்மாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கிளிமானூர்க்காரரான ரவிவர்மாவும் ஊர் ஊராகச் சுற்றி 'இந்தியப் பெண்'ணைத் தேடியவர்தான். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் மூலம் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சிவப்பு, எல்லோருக்கும் பட்டு, எல்லோருக்கும் நகை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்கிறார்களே, அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது? அதன் வேர் வெகு பழையது. காலண்டர் படங்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தன. அம்ரிதாவுக்கு ரவிவர்மாவின் பாணி பிடிக்கவே பிடிக்காது. கறுத்த உடலை 'இருந்தாலும்' போடாமல் வரைந்தார் என்பது சின்ன விஷயமில்லை. நம் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆனால் நிறத்தைக் கொண்டாடும் இந்தப் பார்வைக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லை வெள்ளைத் துணியில் இருக்கிறது.

4

குமரிமுனை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்தில் எந்தச் சாதிப் பெண், உடலின் எந்தப் பகுதியில், எந்தத் துணியை எப்படிப் போட வேண்டும் என்பது விருப்பத்தையோ வழக்கத்தையோ மட்டும் பொறுத்ததாக இல்லை. அரசு தலையிட்டு ஆணை பிறப்பித்த விவகாரம் அது. நாடார் பெண்கள் மேல்சீலை அணிந்ததற்காக 1820களிலும் பிறகு 1858-59இலும் தாக்கப்பட்டார்கள். சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்கள் மேலிருந்த துணி இழுத்துக் கிழிக்கப்பட்டது. தோள்சீலைக் கலகம் என்று நாம் சொல்வது இதைத்தான். 1859 ஜூலையில் அரசர் ஆணை பிறப்பித்தார். அதிலும் நிபந்தனை இருந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மறைக்கக் கூடாது.

இப்போது 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற தலைப்பைத் திரும்பப் படியுங்கள். அந்தச் சீமையில் ஒரு பெண் சந்தைக்குப் போவது சாதாரணக் காரியமாக இருந்ததில்லை. சந்தையில்தான் துணி உருவப்பட்டது. அந்த வெள்ளைத் துணி எங்கே முடிகிறது, எந்தத் தோளில் ஏறுகிறது என்பதற்காக ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள், வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்திருக்கின்றன. அம்ரிதா பார்த்தபோது அது ஓர் அழகான வெள்ளைப் பரப்பு.

கதை பழையதாகவே இருந்திருந்தால் கூட, 'வெளியூர்க்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்' என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் அங்கே போன நேரத்தைப் பாருங்கள். கோயில் தெருவில் நடப்பதற்காக வைக்கத்தில் 1924-25இல் நடந்த போராட்டத்தில் பெரியார் சிறைக்குப் போனார். திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனைக்குப் போகிற வழியில் சுசீந்திரம் இருக்கிறது. அங்கே 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அதன் மை காய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன, அம்ரிதா அந்தப் பக்கம் வந்தபோது. சமஸ்தானமே அதைத்தான் பேசிக்கொண்டிருந்த நேரம். கோயிலுக்குள் இருந்தவனும் வெளியே நிறுத்தப்பட்டவனும் அவருடைய இரண்டு படங்களில் தனித்தனியாக இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவிலே இருந்த கதவு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

பயணியின் கண் இப்படித்தான் வேலை செய்கிறது. அது உருவத்தை எடுத்துக்கொள்ளும், நிறத்தை எடுத்துக்கொள்ளும், பழைய சுவரிலிருந்து ஒழுங்கமைப்பை எடுத்துக்கொள்ளும். நேற்று நடந்த சண்டையை விட்டுவிடும். ஏனென்றால் சண்டை வந்துவிட்டால் 'காலங்காலமாக இப்படியே இருக்கும் மக்கள்' என்ற சித்திரம் கலைந்துபோகும். சோகம் நிரந்தரமாக இருந்தால்தான் அது ஆன்மா. காரணம் தெரிந்துவிட்டால் அது அநியாயம். அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

5

பயணத்தோடு அம்ரிதா நின்றுவிட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையையும் இதோடு நிறுத்தியிருப்பேன். 1938இல் ஹங்கேரியில் உறவினரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்துகொண்டு 1939இல் இருவரும் இந்தியா வந்தார்கள். கோரக்பூர் பக்கத்தில் சரயாவில் குடும்பத்துப் பண்ணையும் சித்தப்பா சுந்தர் சிங் மஜீத்தியாவின் சர்க்கரை ஆலையும் இருந்தன. அங்கே தங்கினார்கள். பாரீஸின் ஓவியக்கூடங்களிலும் சிம்லாவின் விருந்துகளிலும் புழங்கிய பெண், கரும்புக்காட்டு நடுவே, பேச ஆளில்லாமல், உறவினர் வீட்டை அண்டி இருக்கிறாள். கடிதங்களில் சலிப்பும் சோர்வும் கூடிக்கொண்டே போகின்றன.

இந்தச் சலிப்பிலிருந்துதான் வேறு மாதிரியான படங்கள் வருகின்றன. 1938இல் இந்தியாவை விட்டுப் போகுமுன்பே வரைந்த 'பெண்கள் முற்றத்தில்' இதற்கு முன்னோடி. 1940இல் 'கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்', 'மஞ்சள் அரைப்பவர்கள்', 'ஊஞ்சல்'. தெற்குப் படங்களின் பிரம்மாண்டம் இவற்றில் இல்லை. உருவங்கள் சிறுத்திருக்கின்றன. அஜந்தாவின் இடத்தில் இப்போது ராஜபுத்திர, பஹாடிச் சிற்றோவியங்கள் பாடம் சொல்கின்றன. முகங்களில் விவரம் குறைந்துவிட்டது, சோகக் கண்கள் அவ்வளவாக இல்லை. அதற்குப் பதிலாக நாள் இருக்கிறது. ஒரு மத்தியானம் எப்படிப் போகிறது என்பது இருக்கிறது. கட்டிலில் படுத்திருப்பவளுக்குப் பொழுது போகவில்லை. பக்கத்தில் விசிறியோடு இருப்பவளுக்கு வேலை முடியவில்லை. மஞ்சள் அரைப்பவர்கள் யாரையும் பார்க்கவில்லை, நம்மையும் சேர்த்து. குனிந்து வேலை பார்க்கிறார்கள். நம் அம்மாக்களும் அத்தைகளும் அம்மியில் குனிந்தபோது இப்படித்தான் யாரையும் பார்க்கவில்லை.

பயணம் அம்ரிதாவுக்கு உருவங்களைக் கொடுத்தது. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டதுதான் பெண்களின் அன்றாடத்தைக் கொடுத்தது என்பது என் வாசிப்பு. முற்றத்துக்குள் அடைபட்ட பெண்களை அவர் பார்த்தபோது தானும் ஒரு முற்றத்துக்குள் இருந்தார். அவருடைய முற்றம் விசாலமானது, நூல்களும் பியானோவும் உள்ளது என்பது உண்மைதான். இருந்தாலும் காத்திருப்பதன் கனம் அவர் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பெண்கலை என்று நாம் பேசும்போது இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், காதல் கதைகளையும் அழகையும் அல்ல.

6

ஆனால் இங்கேயும் ஒரு சந்தை இருக்கிறது.

சரயாவுக்குப் பக்கத்தில்தான் சௌரி சௌரா. 1922 பிப்ரவரி 4இல் அங்கே காவல் நிலையம் எரிக்கப்பட்டுக் காவலர்கள் இறந்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் 1995இல் வெளியிட்ட நூல் இதன் உள்ளே போகிறது. அன்று கூடிய கூட்டம் துமரி கிராமத்தில் திரண்டு, முண்டேரா சந்தையில் மறியல் செய்யக் கிளம்பிய கூட்டம். மீன், இறைச்சி விலை, சாராயக்கடை என்று சந்தை சம்பந்தப்பட்ட பிரச்சினைகள். அதாவது, சந்தைக்குப் போன கிராமத்தார். துமரிப் பண்ணை யாருடையது? 1857இல் ஆங்கிலேயருக்கு உதவியதற்காக மஜீத்தியா குடும்பத்துக்குக் கிடைத்தது. உதவிய சூரத் சிங், அம்ரிதாவின் தாத்தா. அப்பா உம்ராவ் சிங் சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், புகைப்படக் கலைஞர், ஆங்கில அரசின் சந்தேகத்துக்கு ஆளானவர். நல்ல மனிதர்தான், பண்ணையின் வருமானம் வேறு விஷயம்.

வழக்கில் 19 பேர் 1923இல் தூக்கிலிடப்பட்டார்கள். மற்றவர்கள் நீண்டகாலச் சிறைக்குப் போனார்கள். அமீனுடைய நூலின் முக்கியமான சாட்சிகளில் ஒருவர் துமரியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. 1922இல் இளம் மனைவி. புருஷன் சிறைக்குப் போக, பல ஆண்டுகள் காத்திருந்தவர். சரயாவின் பெண்கள் காத்திருப்பதாக அம்ரிதா வரைந்தாரே, அந்தச் சுற்றுவட்டாரத்தில் காத்திருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. 18 ஆண்டுகள் கழித்து அங்கே தூரிகை பிடித்தவரின் படங்களில் அதன் சுவடு இல்லை. "ஓவியத்துல அரசியலத் தேடாதீங்க" என்று உபாசகர்கள் சொல்வார்கள். நான் தேடவில்லை, அது ஏற்கனவே அங்கே இருந்தது. சம்பளம், ஆலை, பண்ணை, விசிறிக்காரி என்று படத்தின் உள்ளேயே இருந்தது.

தெற்கே பார்த்தது வெளியூர்க்காரியின் கண். சரயாவில் அந்தச் சாக்கு கிடையாது. பெண்ணாக அவரால் தாண்ட முடிந்த தூரம் ஒன்று, பண்ணையின் பேத்தியாகத் தாண்ட முடியாத தூரம் இன்னொன்று. இரண்டும் ஒரே சித்திரத்தில் இருக்கின்றன. பெண் என்பதால் எல்லாப் பெண்களின் அனுபவமும் தனக்கு வாய்த்துவிடும் என்று நம்புகிற பெண்ணியத்துக்கும், வர்க்கத்தைச் சொல்லிவிட்டால் படம் பற்றி எல்லாம் சொல்லியாயிற்று என்று நம்புகிற மார்க்சியத்துக்கும் 'மஞ்சள் அரைப்பவர்கள்' ஒரு நல்ல பாடம்.

7

அம்ரிதா 1941 டிசம்பர் 5இல் லாகூரில் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்க ஆளில்லை. ஹைதராபாத்தின் சாலார் ஜங் வாங்கவில்லை. 1976இல் அவர் படைப்புகள் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. 1978இல் 'மலைப்பெண்கள்' தபால்தலையாக வந்தது. 2023இல் 'கதைசொல்லி' என்ற 1937ஆம் ஆண்டுப் படம் ஏலத்தில் 61.8 கோடிக்குப் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்திராத விலை. கிராமத்தார் ஒருவழியாகச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், விலைபொருளாக.

தேசமும் ஏலக்கடையும் சேர்ந்து இந்தப் பெண்களுக்கு ஒரு பொதுப்பெயர் வைத்திருக்கின்றன: இந்தியப் பெண். அந்தப் பெயரை உரித்தெடுக்கிற வேலை நமக்கு இருக்கிறது. படத்தைத் தூக்கி எறிவதால் அது நடக்காது. கறுத்த உடலை இவ்வளவு கனமாக, இவ்வளவு கூச்சமில்லாமல் நிறுத்திய வேறொரு நவீன ஓவியரை அந்தக் காலத்தில் நான் காணவில்லை. எனவே படம் நமக்கு வேண்டும். படத்தின் கீழே எழுதப்படும் குறிப்பைத்தான் மாற்ற வேண்டும். 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார், 1937, தைலவண்ணம்' என்று இப்போது இருக்கிறது. அடுத்த முறை நம் பத்திரிகைகளில் யாராவது அதை அச்சிட்டால் இரண்டு வரி சேர்த்துப் போடட்டும்: இந்த வெள்ளைத் துணிக்காகக் குமரிச் சீமைப் பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள், 1859 வரை. இந்தப் படம் வரையப்படுவதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் அந்தச் சீமையின் கோயில் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன.